வெந்நீர் வாங்கப் போனவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் வெந்நீருக்குப் பஞ்சமே கிடையாது. பின்கட்டில் காலையில் மூட்டிய அடுப்பு பொழுது சாய்கிறவரை எரிந்துகொண்டிருக்கும். அதன்மேல் ஒரு பெரிய செம்புக் கொப்பரை. ஊசி கொதிக்க வைக்க, பிரசவம் பார்க்க, புண் கழுவ என்று எப்போது கேட்டாலும் வெந்நீர் உண்டு. அப்படியிருந்தும், சாகக் கிடக்கிற பிள்ளையின் தாயை மட்டும் ரோட்டைத் தாண்டி எதிர்த்த காப்பிக்கடைக்கு வெந்நீர் வாங்கிவர அனுப்புவார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் தென்காசியில் நான் நர்சு வேலைக்குச் சேர்ந்த இடம் அது. நாலைந்து வியாபாரிகள் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி. இப்போது அந்தக் கட்டடமும் இல்லை, நடத்தியவர்களும் இல்லை. பெயர் எதற்கு?

முறை இப்படித்தான். பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும். தாய் கட்டிலைப் பிடித்தபடி நிற்பாள். பெரிய டாக்டர் தலையைத் தூக்கிப் பெரிய நர்சைப் பார்ப்பார். பெரிய நர்சு ஆயாவைப் பார்ப்பார். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நீலக்கரை போட்ட எனாமல் ஜக்கு தொங்கும். ஆயா அதை எடுத்துத் தாயின் கையில் கொடுத்து, "வெந்நி வேணுமாம் தாயி. எதுத்த கடையில வாங்கிட்டு வெரசா வா" என்பாள். போ என்று சொன்னால் எந்தத் தாயும் போகமாட்டாள், இழுத்தாலும் வரமாட்டாள். பிள்ளைக்கு வேண்டும் என்றால் ஓடுவாள். அவள் படியிறங்கியதும் உள்ளே தாழ் விழும். அவள் திரும்பி வரும்போது அநேகமாக எல்லாம் முடிந்திருக்கும்.

தகப்பன்மாருக்கு இந்தப் பொய்கூடத் தேவைப்படவில்லை. அவர்கள் வெளியே வேப்பமரத்தடியில் பீடி பிடித்தபடி நிற்பார்கள். கம்பவுண்டர் வாசலுக்கு வந்து வாயைத் திறக்காமல் நின்றாரென்றால் அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நான் முதலில் பார்த்தது தொண்டை அடைப்பான் கண்ட ஒரு பையன். ஐந்து வயது இருக்கலாம். அவன் தாய் ஓடிப்போய் ஜக்கை நிறைய ரொப்பிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் சுடுநீர் தளும்பிக் காலெல்லாம் சிவந்திருந்தது. அதற்குள் பிள்ளையை மூடியாகிவிட்டது. அவளுக்கு அது கண்ணில் படவில்லையோ, பட்டும் மனசு ஏற்கவில்லையோ, "வெந்நி கொண்டாந்துட்டேன். யார்ட்ட குடுக்க?" என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தரும் கையை நீட்டவில்லை. கடைசியில் நான்தான் வாங்கினேன். அதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே பெரிய நர்சிடம் சண்டைக்குப் போனேன். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள். "பெத்தவ இல்லாம அந்தப் பிள்ளை 'எம்மா, எம்மா'ன்னு கதவப் பாத்துக்கிட்டே போச்சே. இது என்ன பொழப்பு?" என்றேன். பெரிய நர்சு கோபப்படவில்லை. "நீ இன்னும் பெத்துப் பாக்கலை. கண்ணால கண்டவளுக்கு, தான் சாகுத வரைக்கும் அது கண்ணுலயே நிக்கும். காணாதவ அழுது தீத்திருவா. அவளுக்கு நாம செய்யுத புண்ணியம் இது" என்றார். அவர் அதை மனதார நம்பினார். எனக்கு அதுதான் ஆத்திரமாக வந்தது. கெட்டவளாக இருந்தால் மல்லுக்கு நிற்கலாம். நல்லவளிடம் என்ன செய்ய?

பெரிய டாக்டர் சொன்னது வேறு. "அம்மாக்காரி பக்கத்துல நின்னா என் கை நடுங்கும். நடுங்குத கையால ஊசி போடச் சொல்லுதியா?" என்றார். அது உண்மைதான், அவர் கை நடுங்கியதை நானே பார்த்திருக்கிறேன். கம்பவுண்டருக்கு இதெல்லாம் கவலையில்லை. "உள்ள நின்னா, நாளைக்கு 'நீ அத ஒழுங்காச் செய்யலை, இத ஒழுங்காச் செய்யலை'ன்னு சட்டையப் பிடிப்பாக. கதவச் சாத்துனா சாமி மேல பழி. தொறந்து வச்சா நம்ம மேல பழி" என்றார். ஆளுக்கொரு நியாயம் வைத்திருந்தார்கள். தாழ் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

காப்பிக்கடை அண்ணாச்சிக்கும் விஷயம் தெரியும். அந்த ஜக்கோடு ஒருத்தி வந்து நின்றால் காசு வாங்கமாட்டார். வேண்டுமென்றே பைய ஊற்றுவார். "கொதி வரட்டும்மா, செத்த இரு" என்று நிறுத்தி வைப்பார். சீக்கிரம் அனுப்பினால் பாதியில் போய்ப் பார்த்துவிடுவாளாம். அவரும் தன் பங்குக்குப் புண்ணியம் செய்தார். நீலக்கரை ஜக்கோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்தால் வில்வண்டிக்காரன் மாட்டை இழுத்து நிறுத்துவான். கடைத்திண்டில் உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நாங்கள் மட்டும் அது எங்களுக்குள் இருக்கிற ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுபோச்சு என்று நினைக்குமாமே, அந்தக் கதைதான்.

தண்ணீர்க் குழாயடியில் சண்டை முற்றினால், "நீ வெந்நி வாங்கப் போவட்டி!" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றுவாள். அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. அதைக் கேட்டவள் அழுதுகொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். குற்றாலம் வரைக்கும் இந்தப் பேச்சு போயிருந்தது. ஆனாலும் தன் கையில் ஜக்கைக் கொடுக்கிறபோது, நமக்கு அப்படி இராது, இது நிஜமாகவே மருந்துக்குத்தான் என்று நம்பிக்கொண்டு ஓடினவர்கள்தான் அதிகம். ஒருத்தி மட்டும் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு வெந்நி வேண்டாம், நான் போமாட்டேன்" என்று அவள் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. ஆயாவும் கம்பவுண்டரும் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் பெரிய டாக்டர் வயதாகி நின்றுவிட்டார். அவருடைய இடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளவயது டாக்டர் வந்தார். 'வாங்கோ', 'சொல்லுங்கோ' என்று அவர் பேசுவதைக் கேட்டுக் கம்பவுண்டர் பின்கட்டில் போய் நின்று சிரிப்பார். வந்த புதிதில் வலிப்பு கண்ட ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். ஆயா தன் வழக்கப்படி ஆணியை நோக்கிக் கையை நீட்டினாள். டாக்டர் திரும்பிப் பார்த்து, "அம்மாவை எங்கே கூட்டிண்டு போறேள்? அவா இங்கேயே இருக்கட்டும்" என்றார். ஆயாவின் கை அப்படியே நின்றது. பெரிய நர்சின் முகம் கறுத்துப்போயிற்று.

புது டாக்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. தாயைச் சும்மா நிற்க விடமாட்டார். காலைப் பிடியுங்கள், நெற்றியைத் துடையுங்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று ஏதாவது ஒரு வேலை கொடுப்பார். "கைக்கு வேலை இருந்தா பயம் தெரியாது" என்பார். உண்மையாகவே பிள்ளைகள் அடங்கின. ஊசி போடும்போது நாலு பேர் அமுக்கிப் பிடித்த பிள்ளையைத் தாய் ஒருத்தி மடியில் வைத்துக்கொண்டால் போதுமாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரிய நர்சு எதிரே வரும்போதெல்லாம் ஜெயித்தவள் மாதிரி நடந்தேன்.

எல்லாப் பிள்ளைகளும் பிழைக்கவில்லை. வயிற்றுப்போக்கில் வற்றிப்போன ஒரு குழந்தை தாயின் மடியிலேயே அடங்கியது. அவள் மயங்கி விழவில்லை, எங்கள் சட்டையையும் பிடிக்கவில்லை. முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, கண்ணைத் தானே மூடினாள். போகும்போது டாக்டரைப் பார்த்து, "நீங்க பாடுபட்டத நான் பாத்தேன்யா" என்றாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரிய நர்சு மட்டும், "எல்லாரும் இவள மாதிரி இருக்கமாட்டா. ஒரு நாளைக்குப் பாப்பிய" என்றார். சவத்த விடு, வயிற்றெரிச்சல் என்று நான் நினைத்தேன்.

வெந்நீர்க் கதையை டாக்டரிடம் ஒருவரும் சொல்லவில்லை. தாயை வெளியே அனுப்புவதே நின்றுபோன பிறகு, பழைய அசிங்கத்தைப் புது ஆளிடம் எதற்குக் கிண்டவேண்டும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம். ஜக்கு மட்டும் அதே ஆணியில் தொங்கியது. எனாமல் ஜக்கு நல்ல ஜக்கு. அதைத் தூர எறிய யாருக்கு மனசு வரும்?

அது சாரல் காலம். குற்றாலத்தில் ஆள் நிற்க இடமில்லாமல் கூட்டம். மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து ஒரு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. லாட்ஜுக்காரர் ஒருவர் ஏற்பாடு செய்து அனுப்பியது. உள்ளேயிருந்து எண்ணெய் மினுங்கும் உடம்போடு ஒருவர் இறங்கினார். அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தொழிலாளி. அவர் கையில் ஒரு பெண்பிள்ளை. நாலு வயசுதான். பின்னாலேயே அவர் பெண்சாதி, அவருடைய அண்ணன், தம்பி. அப்பா ஓர் ஆளுக்குத் தேய்த்துக்கொண்டிருக்க, பிள்ளை பாறை வழுக்கி ஓடைக்குள் விழுந்துவிட்டது. கொஞ்ச தூரம் தள்ளித்தான் பிடித்து எடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் பிள்ளையைக் கவிழ்த்துத் தண்ணீரை வெளியேற்றினார். வாயோடு வாய் வைத்து ஊதினார். நான் காலைத் தேய்த்தேன். தாய் ஓர் ஓரமாக நின்று, சத்தமில்லாமல் பிள்ளையின் பாதத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் பிள்ளைக்கு ஓர் இருமல் வந்தது. நெஞ்சு ஏறி இறங்கத் தொடங்கியது. நூல் மாதிரி மூச்சு, ஆனால் மூச்சுதான். "வந்துட்டா!" என்றார் டாக்டர். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆண்டவரே என்று மனசுக்குள் சொன்னேன். உடம்பு மட்டும் ஐஸ்கட்டி. உதடெல்லாம் நீலம். சூடு கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார் அவர்.

என்னைக் கம்பளி எடுத்துவர உள்ளறைக்கு அனுப்பினார். வெந்நீர் ஊற்றி உடம்பில் வைக்கிற ரப்பர் பை ஆபரேஷன் அறையில் இருந்தது. அதை எடுக்கத் தானே போனார். போகிறபோது தாய் சும்மா நிற்பதைப் பார்த்திருக்கிறார். கதவருகே ஆணியில் ஜக்கு. "அம்மா, நீங்க அந்த ஜக்கை எடுத்துண்டு போய்ச் சீக்கிரம் வெந்நீர் கொண்டு வாங்கோ" என்றிருக்கிறார். அந்த வார்த்தை உள்ளறையில் என் காதில் விழவில்லை.

விழுந்தது ஆயாவின் காதில்தான். எத்தனையோ வருஷம் அந்த வார்த்தையைத் தன் வாயால் சொன்னவள் அவள். டாக்டரும் கடைசியில் நம் வழிக்கே வந்துவிட்டார், பிள்ளை போகப்போகிறது என்று அவளும் நினைத்துவிட்டாள். நாங்கள் சொன்ன பொய்யை நாங்களே நம்பிய நாள் அது. ஆயா தானே ஜக்கை எடுத்துத் தாயின் கையில் கொடுத்து, முதுகைத் தடவி, "போ தாயி, மனசைத் தேத்திக்கோ" என்று தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம்.

நான் கம்பளியோடு திரும்பியபோது ஜக்கு தரையில் கிடந்தது. கட்டில் காலி. வாசலில் ஒரே கூச்சல். பிள்ளையைத் தாய் மார்போடு அணைத்திருந்தாள். நனைந்த பாவாடையைக்கூட மாற்றவில்லை. புருஷன்காரர் டாக்டரின் காலில் விழுந்து கிடந்தார். "சாமி, அறுக்காமக் குடுத்துருங்க. இங்கன வச்சு உசுரு போனா கேசாயிரும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுத்துருவாக. வீட்ல வச்சு நல்லபடியாப் போவட்டும் சாமி!" தண்ணீரில் விழுந்து செத்தால் போலீஸ் வரும், அறுத்துத்தான் கொடுப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் ரப்பர் பையை வைத்துக்கொண்டு, "உயிர் இருக்கு, பிழைச்சுடுவா, கொடுங்கோ" என்று கத்தினார். அண்ணனும் தம்பியும் குறுக்கே நின்று அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்தேன். "எம்மா, கோட்டித்தனம் பண்ணாத! நெசமாவே வெந்நிதான் கேட்டாரு. பிள்ளைக்குச் சூடு குடுக்கத்தான்!" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம்கூட இல்லை. "எல்லாத் தாய்ட்டயும் அப்படித்தான சொன்னிய" என்றாள். என் கையைக் கதவிலிருந்து அவளே எடுத்துவிட்டாள். கார் சாரலுக்குள் குற்றாலத்தைப் பார்த்துப் போய்விட்டது.

டாக்டரும் நானும் ஒரு குதிரை வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனோம். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது பிள்ளையைக் கூடத்தில் கிடத்தி விளக்கேற்றியிருந்தார்கள். டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். ஒருவரும் எங்களை ஏசவில்லை. ஒரு கிழவர் எங்கள் பக்கம் வந்து, "நீங்க நல்ல மனுஷருய்யா. முன்கூட்டியே சாடையாச் சொல்லிட்டிய" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சாடையா? டாக்டர் என்னைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் வைத்துத்தான் வெந்நீர்க் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன்.

மறுநாள் டாக்டரே கதவைச் சாத்தினார். இனிமேல் அம்மாவோ அப்பாவோ ஒருவரும் உள்ளே நிற்கக்கூடாது என்றார். நான் விடவில்லை. "தாய் இருந்ததால பிள்ளை போவலை. நாம பொய் சொன்னதால போச்சு" என்றேன். "அவா உள்ளே இருந்ததாலேதானே அவாகிட்டே கேட்டேன்?" என்றார். "வெளியே இருந்திருந்தா ஆயா கொண்டு வந்திருப்பா. குழந்தை இன்னைக்கு இட்லி சாப்பிட்டுண்டிருக்கும்." அவர் சொன்னதும் சரிதான். நான் சொன்னதும் சரிதான். பிள்ளைதான் இல்லை. பெரிய நர்சு பக்கத்திலேயே நின்றார். நான் சொன்னேன்லா என்று ஒரு பேச்சு பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பழைய காலத்தில் வெந்நீருக்காவது அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. வெளியே போ என்று சொல்லித் தாழ் போடுவார்கள். தாய்மார் கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை உள்ளேயிருந்து கூப்பிடுவது அவர்களுக்குக் கேட்கும். நானும் நாளாக ஆக வாயை மூடிக்கொண்டேன். வேலையை விடவா முடியும்?

சீசன் முடிந்து லாட்ஜுகள் காலியான பிறகு ஒருநாள் பகலில் அந்தத் தாய் வந்தாள். உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். பாதியாக இளைத்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்குக் கார்ல போகையில, மேலகரம் தாண்டுத எடத்துல பிள்ளை கண்ணைத் தொறந்தா. 'குளுருதும்மா'ன்னா. நான் முந்தானையால பொத்துனேன். பொறவு பேசலை." முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "சாகப்போற பிள்ளை பேசுமா நர்சம்மா? அந்த டாக்டர் நெசமாவே வெந்நிதான் கேட்டாரா?"

இத்தனை வருஷம் அந்தப் பொய்யை எதிர்த்துச் சண்டை போட்டவள் நான். அவளிடம் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு உண்மையைக் கத்தினவளும் நான்தான். அன்று நம்பியிருந்தால் அந்த உண்மையால் பிரயோஜனம் இருந்திருக்கும். இன்று சொன்னால், 'குளுருதும்மா' என்று பிழைத்து வந்த பிள்ளையை நீதான் மழையில் தூக்கிக்கொண்டு போனாய் என்று சொன்ன மாதிரி.

"பேசும்" என்றேன். "அணையப்போற வெளக்கு நின்னு எரியும்லா, அப்படித்தான். எல்லாத் தாய்ட்டயும் சொல்லுத பொய்யத்தான் உன்ட்டயும் சொன்னோம். அன்னைக்கு நான் வந்து சொன்னதும் பொய்தான். நீ வீட்டுக்குக் கொண்டுபோனதுதான் சரி."

அவளுக்கு மூச்சு இறங்கியது. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க நல்லாருப்பிய நர்சம்மா" என்று சொல்லிவிட்டு, குற்றாலம் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போனாள்.